பெயர் குறிக்காத தட்டு

யானாம்
12.6.2002

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் மகனுக்கு இருமல் நின்றதா? துர்கா நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "நலம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள்.

ரயில் காக்கிநாடாவுக்கு மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. அங்கிருந்து பஸ். சின்ன ஊர்தான். பேருக்குத்தான் நம் புதுச்சேரி, பேச்சு முழுக்கத் தெலுங்கு. மருத்துவமனைக் குடியிருப்பில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் பார்வதி என்று நம் ஊர் நர்ஸ் இருக்கிறாள். எனக்குத் தெலுங்கில் "வலிக்கிறதா", "எத்தனை நாளாக" என்ற இரண்டு கேள்விகள்தான் தெரியும். அவர்கள் சொல்லும் பதில்தான் புரிவதில்லை.

முந்தாநாள் பூத்திலிருந்து பேசியபோது என் குரலைக் கேட்டுத் துர்கா போனுக்குப் பின்னால் போய்த் தேடினாள் என்று நேற்று அவர் சொன்னார். பிறகு இரவு முழுக்கச் சாப்பிடவில்லையாம். அதனால் இனி போன் வேண்டாம். உங்கள் மகனுக்குக் கடிதம் எழுத வராது. நீங்கள்தான் எழுத வேண்டும்.

இருபது மாதக் குழந்தையை விட்டுவிட்டு இரண்டு வருட மாற்றலில் வந்திருக்கிறேன். நைட் டியூட்டி நாட்களில் இங்கே அவளை யாரிடம் விடுவது என்று மூவரும் பேசித்தானே முடிவெடுத்தோம். அதைத் திரும்பக் கிளற மாட்டேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இரவில் அவள் எப்படிச் சாப்பிடுகிறாள்? தட்டிலிருந்து வாய் வரை என்ன நடக்கிறது என்று விவரமாக எழுதுங்கள்.

மருமகள்,
சுமலதா

*

முத்தியால்பேட்டை
10.7.2002

அன்பு மருமகள் சுமலதாவுக்கு,

ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் பழையபடிதான், மாடிப்படி ஏறினால் மட்டும் நினைவூட்டுகிறது.

நீ கேட்டபடி எழுதுகிறேன். மாலை ஆறே முக்காலுக்குச் சோற்றைக் குழைத்து, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து கிண்ணத்தில் எடுத்துக்கொள்கிறேன். முதல் வாய் வாசலில். இரண்டாவது வாய் எதிர்வீட்டு ஸ்கூட்டரின் மேல். மூன்றாவதற்குக் காக்கை வர வேண்டும். நான்காவது வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கால் மணி நேரம் வைத்திருப்பாள். அதோடு முடிந்தது. என்னிடம் ஆறாம் வகுப்பில் கன்னியப்பன் என்று ஒரு மாணவன் படித்தான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், பதில் மட்டும் வராது. அவன் நினைவுதான் வருகிறது.

அன்பழகன் கடையை மூடிவிட்டு உழவர்கரையிலிருந்து வர ஒன்பதரை ஆகிறது. அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறான். நான் ஏழரைக்குச் செய்தி பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிடுகிறேன்.

இன்னொரு செய்தி. துர்கா என்னை "அப்பா" என்று கூப்பிடுகிறாள். அவனை "அன்பு" என்கிறாள். நேற்று அவன் செருப்பைப் போடும்போது, "டேய் அன்பு" என்றாள். கடைக்குப் போகிறவன் உட்கார்ந்துவிட்டான்.

அங்கன்வாடியில் எடை பார்த்தோம். நீ போனபோது ஒன்பதரைக் கிலோ. இப்போது ஒன்பது கிலோ தொள்ளாயிரம். கவலை வேண்டாம்.

நீ அங்கே இரவில் என்ன சாப்பிடுகிறாய் என்று எழுதவில்லையே?

அன்புடன்,
கோவிந்தசாமி

*

யானாம்
24.7.2002

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் மாடிப்படி ஏறுவதை நிறுத்துங்கள். துணியை அவர் காயவைக்கட்டும்.

"டேய் அன்பு" பகுதியைப் பார்வதிக்குப் படித்துக் காட்டினேன். வார்டில் நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. நான் குழந்தைகள் வார்டில் ஆறு வருடம் இருந்தவள். ஒரு நாளைக்கு நான்கு வாய்ச் சோற்றில் ஒரு மாதத்தில் நானூறு கிராம் ஏறாது. பகலில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாலும் ஏறாது. ஒன்று, அங்கன்வாடித் தராசு தவறு. இல்லையென்றால் நீங்கள் எழுதாத வாய்கள் எங்கோ இருக்கின்றன. எது?

மருமகள்,
சுமலதா

*

முத்தியால்பேட்டை
17.8.2002

அன்பு சுமலதாவுக்கு,

ஆசிகள். பதில் தாமதமாகிவிட்டது. கொடியேற்ற பழைய பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள், போய் வந்தேன். எல்லோரும் சுகம்.

தராசு பழைய தராசுதான். அதை விட்டுவிடுவோம். உனக்குச் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது.

ஓரிடத்தில் ஒன்றைக் கவனித்தேன். குழந்தைக்குத் தனியாக ஊட்டினால் அது ஒரு வேலை. அதற்கும் வேலை, நமக்கும் வேலை. பத்துப் பேர் எழுதும் வகுப்பில் சிலேட்டைத் தொடாத பிள்ளையும் தொடும். அதையே தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தால் ஜன்னலைப் பார்க்கும். நம் வீட்டில் மூன்று பேர் மூன்று நேரத்தில் மூன்று இடத்தில் சாப்பிடுகிறோம். துர்கா யாரைப் பார்த்துச் சாப்பிடுவாள்?

ஆகையால் இந்த மாதம் முதல் தேதியிலிருந்து தினமும் ஏழரை மணிக்கு எல்லோரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று வைத்திருக்கிறோம். அன்பழகன் முதலாளியிடம் கேட்டு, காலையில் ஒரு மணி நேரம் முன்னால் கடை திறக்கிறான். மாலையில் ஏழுக்கே கிளம்பிவிடுகிறான். தொலைக்காட்சி கிடையாது. எனக்கு ஒரு குட்டி முக்காலி.

முதல் வாரம் படுதோல்வி. முதல் நாள் துர்கா ரசத்தில் கை கழுவினாள். இரண்டாம் நாள் அப்பளத்தை எல்லோர் தலையிலும் வைத்தாள். மூன்றாம் நாள் அன்பழகன், "யப்பா, இவ துன்றா மாதிரி தெரியல, நம்மள வேடிக்க பாக்கத்தான் குந்தறா" என்றான். நான்காம் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகப் பார்த்தாள்.

இரண்டாம் வாரம் முன்னேற்றம். பதினோரு வாய். எண்ணினேன். தானே எடுத்துச் சாப்பிட்டவை.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே அரிசி எப்படி?

அன்புடன்,
கோவிந்தசாமி

*

யானாம்
2.9.2002

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பதினோரு வாய் என்பதை நான்கு முறை படித்தேன். தராசு விஷயத்தை நீங்கள் தாண்டிப் போனதையும் கவனித்தேன். இருக்கட்டும்.

எனக்கு அந்த ஏழரை மணியைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. யார் எங்கே உட்காருகிறார்கள்? துர்காவுக்கு எதிரில் யார்? கதவு எந்தப் பக்கம்? சோற்றுப் பானை யாருக்குக் கிட்டே? ஒரு படம் போட்டு அனுப்புங்கள். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளை வரைபடம் வரைய வைத்தவருக்கு இது பெரிய வேலை இல்லை.

முழங்காலோடு முக்காலியில் ஜாக்கிரதை.

சுமலதா

*

முத்தியால்பேட்டை
15.9.2002

அன்பு சுமலதாவுக்கு,

ஆசிகள். அனைவரும் சுகம். படம் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வடக்கு மேலே இருக்கிறது. துர்கா இருக்குமிடத்தில் சின்ன வட்டம்.

உன் கடிதங்களைச் சாப்பிடும்போதுதான் படிக்கிறோம். நீ தெலுங்கில் கேட்கும் இரண்டு கேள்விகளையும் அன்பழகன் மனப்பாடம் செய்துவிட்டான். துர்கா நேற்று தன் தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து என் தட்டில் வைத்து, நான் சாப்பிடுகிறேனா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மெல்வதை நிறுத்தினால் அவளும் நிறுத்துகிறாள். ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரிகூட என்னை இப்படிப் பார்த்ததில்லை.

எடை பத்துக் கிலோ இருநூறு. உன் எடை என்ன? ஓணானாய்ப் போயிருக்கிறாய் என்று பார்வதியின் வீட்டார் இங்கே சொன்னார்கள்.

அன்புடன்,
கோவிந்தசாமி

*

யானாம்
28.9.2002

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலம்தான்.

படம் வந்தது. அழகாக இருக்கிறது. வடக்கு குறித்திருக்கிறீர்கள், சன்னல் குறித்திருக்கிறீர்கள், ஊறுகாய் ஜாடிக்குக்கூடப் பெயர் எழுதியிருக்கிறீர்கள்.

தட்டு நான்கு இருக்கிறது. உங்களுடையது, அவருடையது, துர்காவுடையது. துர்காவுக்கு வலது பக்கம், பின்கதவுக்குக் கிட்டே இருக்கும் தட்டுக்குப் பெயர் எழுதவில்லை.

பெயர் விடுபட்டால் அரை மதிப்பெண் குறைப்பீர்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது யாருடைய தட்டு?

சுமலதா

*

முத்தியால்பேட்டை
12.11.2002

அன்பு சுமலதாவுக்கு,

ஆசிகள். ஆறு வாரமாகப் பதில் எழுதவில்லை. காய்ச்சலும் இல்லை, வேலையும் இல்லை. தீபாவளிக்கு நீ அனுப்பிய கவுனைத் துர்கா போட்டுக்கொண்டாள், அதைக்கூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தத் தட்டு எதிரில் வந்தது.

அது வீராயியின் தட்டு.

நம் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மே மாதம் குடிவந்தார்களே, மில்லில் பகல் ஷிப்டு பார்க்கும் பாவாடை என்பவரின் மனைவி. இரண்டு பெண்பிள்ளைகள். நீ ஊருக்குப் போகும் அவசரத்தில் இரண்டொரு முறைதான் பார்த்திருப்பாய். நீ போன முதல் வாரமே, தண்ணீர்க் குழாய்க்காகத் திறந்திருந்த பின்கதவு வழியாகத் துர்கா அங்கே போய்விட்டாள். அவர்கள் வீட்டில் ஏழு மணிக்குப் பானையை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். இவளும் உட்கார்ந்தாள். அந்த நானூறு கிராம் அங்கே ஏறியது.

என்னிடம் நான்கு வாய், அங்கே வயிறு நிறைய. எனக்குப் பெரிய புதிராக இருந்தது. அவர்கள் வீட்டு மீன்குழம்புதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். நம் பருப்புச்சோற்றையே வீராயியிடம் கொடுத்தனுப்பினேன். அங்கே அதையும் சாப்பிட்டாள். அவள் கைப்பக்குவமோ என்று வீராயியை இங்கே வந்து தனியாக ஊட்டச் சொன்னேன். இங்கே அவளிடமும் நான்கே வாய். சோறும் இல்லை, கையும் இல்லை, அந்த வட்டம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. நான் "ஓரிடத்தில் கவனித்தேன்" என்று எழுதிய இடம் அதுதான்.

நம் வீட்டில் வட்டம் போட்டோம். முதல் வாரம் துர்கா தட்டோடு எழுந்து போனது பின்கதவுக்கு. இரண்டாம் வாரம் வீராயியே தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடுகிறவள். அதை இங்கே வந்து சாப்பிடுகிறாள். தினமும் "துர்காம்மா கடுதாசி வந்துச்சா?" என்று கேட்பாள். உன்னைத்தான் அப்படிச் சொல்கிறாள். வராத நாளில் பழையதையே படிப்பேன்.

இதையெல்லாம் அப்போதே எழுதியிருக்கலாம். எழுதாததற்குக் காரணம் வேறு. துர்கா வீராயியை "அம்மா" என்று கூப்பிடுகிறாள்.

ஜூலையிலிருந்து கூப்பிடுகிறாள். பெயர் விடுபட்ட வரைபடங்களை நான் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். தெரியாமல் விட்ட பிள்ளைகள்தான் அதிகம். நான் தெரிந்தே விட்டேன்.

வீராயியை வர வேண்டாம் என்று சொல்லட்டுமா? நீ எழுதுகிறபடி செய்கிறேன்.

கோவிந்தசாமி

*

முத்தியால்பேட்டை
8.12.2002

அன்பு சுமலதாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று பார்வதி வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கீழே இருப்பது வீராயி சொல்லச் சொல்ல நான் எழுதியது. "நீங்க திருத்தாம எழுதணும் அய்யா" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். திருத்தவில்லை.

"துர்காம்மா, நல்லாக்கிறியா? நான் வீராயி. உனக்கு எழுதினத அய்யா எனக்குப் படிச்சிக் காட்டினாரு. அப்பால நாலு நாளு நான் உங்க வூட்டுக்கு வரல. கதவ தாப்பா போட்டுட்டேன். புள்ள அந்தப் பக்கம் வந்து தட்டிக்கினே இருந்துச்சு. அது அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அஞ்சாம் நாளு என்னால ஆவல, தொறந்துட்டேன்.

அம்மான்னு கூப்புடுதுன்னு அய்யா மூஞ்சி தொங்கிப்போயிக் கீறாரு. எம்பொண்ணுங்க ரெண்டும் என்னை அம்மான்னுதுங்க. அத்த கேட்டுக்கினு இதுவும் கூப்புடுது. அய்யாவ அப்பான்னுது, அவுரு புள்ளைய அன்புன்னுது. அத்த கேட்டு ஊரே சிரிச்சீங்க. இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு அழுவுறீங்க? சோறு துன்ற எடத்துல யாரு யாரை எப்டி கூப்புடறாங்களோ அதான் அதுக்குப் பேரு. உங்க வூட்ல அம்மான்னு யாரு யாரைக் கூப்புடறாங்க, சொல்லு பாப்போம்.

நீ வரவேணாம்னா நான் வரல. ஆனா வாயத் தொறந்து சொல்லு. பேசாம இருக்காத. பதினாறு வருசமா எல்லாரும் துன்னப்புறம் அடுப்பாண்டதான் நான் துன்றேன். உங்க வூட்லதான் ஒரு புள்ள பாய தட்டித் தட்டி, குந்து குந்துன்னு சொல்லுது. அதுக்குத்தான் வந்தேன். உம்புள்ளைய எடுத்துக்க வரல."

இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்கிறாள்.

கோவிந்தசாமி

*

யானாம்
21.12.2002

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். வீராயி அக்காவுக்கும் வணக்கம். பேசாமல் இருந்தது தப்பு. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் வர வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தேன். மறைக்கவில்லை.

அக்கா வரட்டும். கதவைத் தாழ் போட வேண்டாம்.

பொங்கலுக்கு ஒன்பது நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. பதிமூன்றாம் தேதி மாலை வந்துவிடுவேன். ஒரே ஒரு வேண்டுகோள். துர்காவுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள். போட்டோவைக் காட்டிப் பழக்க வேண்டாம். "அம்மா வந்திருக்கா பாரு" என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏழரைக்கு இன்னொரு தட்டு வையுங்கள். என்ன ஆகிறது என்று நானும் பார்க்கிறேன்.

சுமலதா

*

முத்தியால்பேட்டை
26.1.2003

அன்பு சுமலதாவுக்கு,

ஆசிகள். நீ சுகமாகப் போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. வீட்டில் இருந்தவளுக்கு நடந்ததை எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த முதல் நாள் நீ குனிந்திருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

மாலையில் உன்னைப் பார்த்ததும் துர்கா என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். நீ தூக்க வரவில்லை. பையைப் பிரிக்கிற சாக்கில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாய். ஏழரைக்குத் தட்டுகள் வைத்தோம். வீராயி தன் தட்டோடு பின்கதவில் வந்து நின்று, "துர்காம்மா, எப்ப வந்த?" என்றாள். துர்கா அவளைப் பார்த்தாள். திரும்பி உன்னைப் பார்த்தாள். தினமும் சோற்று நேரத்தில் கேட்கும் பெயர். தாளிலிருந்து பேசுகிற ஆள். மெதுவாக நடந்து போய், ஐந்தாவது தட்டுக்குப் பக்கத்தில் பாயை இரண்டு தட்டு தட்டினாள்.

"துர்காம்மா, குந்து."

நான் "அம்மான்னு சொல்லும்மா" என்று திருத்த வாயெடுத்தேன். நீ நிமிராமலே கையைக் காட்டி நிறுத்தினாய். துடைத்து வைத்த தட்டை இன்னொரு முறை துடைத்தாய். பிறகு போய் உட்கார்ந்தாய். நீ குனிந்திருந்தபோது துர்கா உன் முகத்தை அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் மெல்கிறேனா என்று பார்ப்பாளே, அதே பார்வை. முதல் பிடிச் சோற்றை எடுத்து உன் தட்டில்தான் வைத்தாள். வீராயி அன்று ஊறுகாயைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

இனி நீ பார்க்காதது. உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று இரவு, துர்காவே தட்டுகளை எடுத்து வைத்தாள். ஐந்து. அன்பழகன் ஒன்றை எடுக்கப் போனான், விடவில்லை. சோறு போட்டாயிற்று. எல்லோரும் கை வைத்தோம். அவள் வைக்கவில்லை. "துர்காம்மா வரட்டும்" என்றாள்.

ஏழு மாதமாக இவளைச் சாப்பிட வைக்கத்தானே இவ்வளவும் செய்தோம். அன்று இவள் பசியோடு கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். நாங்களும் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். வீராயிதான் கடைசியில், "அவங்க அங்க துன்னுவாங்க, நீ துன்னு கண்ணு" என்றாள்.

துர்கா என் பக்கம் திரும்பி, "அங்க துன்னுதா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, சுமலதா. ஜூலையிலிருந்து நானும் அதைத்தான் கேட்கிறேன். ஒரு கடிதத்திலும் நீ பதில் எழுதவில்லை. பொங்கலுக்கு வந்தபோது உன் வளையல் முழங்கை வரை ஏறியதைப் பார்த்தேன். தெரியாததைத் தெரியும் என்று வகுப்பில் நான் சொன்னதில்லை, இவளிடமும் சொல்லவில்லை. "கேட்டு எழுதறேம்மா" என்றேன். அதன் பிறகுதான் சாப்பிட்டாள்.

ஆகவே துர்காவுக்காகக் கேட்கிறேன். நீ அங்கே சாப்பிடுகிறாயா?

அன்புடன்,
கோவிந்தசாமி

*

யானாம்
5.2.2003

அன்புள்ள மாமாவுக்கும், அவருக்கும், வீராயி அக்காவுக்கும், துர்காவுக்கும்,

வணக்கம். இதை ஏழரை மணிக்குப் படிக்கவும்.

துர்கா கேட்டதற்குப் பதில்: சாப்பிடவில்லை. ஒரு பன், ஒரு டீ, நின்றுகொண்டே. தட்டை எடுத்துத் தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. எழுதினால் நீங்கள் அங்கே சாப்பிட மாட்டீர்கள் என்று விட்டுவிட்டேன். தெரிந்தே விட்டது. மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று பார்வதியின் அறைக்கதவைத் தட்டினேன். அவளும் பன்தான் தின்றுகொண்டிருந்தாள். நான்கு நாளாக இரண்டு பேரும் ஏழரைக்குப் பாய் விரித்து உட்காருகிறோம். நைட் டியூட்டி என்றாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். நேற்று சோறு, கோங்கூரப் பச்சடி என்று இங்கே சொல்லும் புளிச்சக்கீரைத் துவையல், ஒரு முட்டை. பதினாறு வாய். எண்ணினேன். இனி காத்திருக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

படம் தனித்தாளில் இருக்கிறது. வடக்கு மேலே. மூன்று தட்டு. ஒன்று பார்வதி, ஒன்று நான். மூன்றாவதற்குப் பெயர் எழுதவில்லை. அது யாருடையது என்று துர்காவைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
துர்காம்மா